பெட்டியைத் திறந்தவன் கள்வனா?

ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்கிய பிறகு, அதன் மூடியைக் கழற்றி உள்ளே கைவைக்க வாங்கியவனுக்கு உரிமை உண்டா, இல்லையா? மிதிவண்டி என்றால் இந்தக் கேள்வியே எழாது. மோட்டார் சைக்கிளில் புகைக்குழாயை மாற்றினால் சாலைத் தடுப்பில் சம்மன் கிடைக்கலாம். ஆனாலும் அவனைத் திருடன் என்று எவரும் சொல்வதில்லை. விளையாட்டுக் கருவி என்று வரும்போது மட்டும் கதை மாறிவிடுகிறது. பிளேஸ்டேஷன் பெட்டிக்குள் விரல் நகத்தளவு ஒரு சிப்பை வைத்துவிட்டால் போதும், அது ‘திருட்டு செட்’. அதை வைத்திருப்பவனும் ஏறக்குறைய அந்த வகை.

எங்கள் விடுதியில் இதைப் பற்றி ஒரு நாள் பெரிய விவாதமே நடந்தது. சட்டம் பயிலும் நண்பர் ஒருவர், “பூட்டு என்று ஒன்று இருந்தால் அதைத் திறக்கும் உரிமை பூட்டியவனுக்குத்தான்” என்று முடித்துவிட்டார். நான் மின்னியல் பயில்பவன். பூட்டு எங்கே இருக்கிறது, எதைக் காக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. பார்த்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான்: கள்ளத்தட்டு அச்சடித்து விற்பது திருட்டு, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. தன் பெட்டியைத் தான் திறப்பது திருட்டு அன்று. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்து நமக்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கம் எதை விழுங்குகிறது என்பதை ஒரு பழைய ஆட்டத்தை வைத்துச் சொல்லப் பார்க்கிறேன்.

ஆட்டத்தின் பெயர் ‘தெஞ்சூ’. வானம் வழங்கும் தண்டனை என்பது அந்த ஜப்பானியச் சொல்லின் பொருள். அக்வயர் என்ற நிறுவனம் உருவாக்கியது. 1998 பிப்ரவரியில் ஜப்பானில் வெளிவந்து, அதே ஆண்டின் பிற்பகுதியில் ஆக்டிவிஷன் நிறுவனத்தின் வழியாக ஆங்கிலத்திலும் வந்தது. பதுங்கிச் சென்று ஆடும் ‘ஸ்டெல்த்’ வகை ஆட்டங்களுக்கு 1998 போல் இன்னோர் ஆண்டு வாய்க்கவில்லை. செப்டம்பரில் ‘மெட்டல் கியர் சாலிட்’ வந்தது. ஆண்டு முடிவதற்குள் கணினிக்கு ‘தீஃப்’ வந்தது. இந்த வகையின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் விரிவாகப் பேசிவிட்டு, மூன்றில் முந்திப் பிறந்த தெஞ்சூவுக்கு ஒரு வரி கொடுத்து நகர்ந்துவிடுகிறார்கள். மூத்த பிள்ளை வயலுக்குப் போனான், இளைய பிள்ளைகள் பட்டணத்துக்குப் போனார்கள் என்பது மாதிரி.

கதை எளிமையானது. கோடா என்ற பிரபுவுக்காக இரவில் வேலை செய்யும் இரண்டு நிஞ்சாக்கள்: ரிக்கிமாரு, அயாமே. இருவரில் ஒருவராக நாம் ஆடுகிறோம். முதல் பணி, ஊரைச் சுரண்டும் வணிகன் ஒருவனை அவன் மாளிகைக்குள்ளேயே தீர்த்துக்கட்டுவது. மதில் ஏறவும் கூரையிலிருந்து கூரைக்குத் தாவவும் கொக்கி கட்டிய கயிறு உண்டு. எறிவதற்கு விண்மீன் வடிவக் கத்திகள், தரையில் தூவ முட்கள், புகைக்குண்டு, இன்னும் பல. என் மனத்துக்குப் பிடித்தது நச்சுச் சோற்றுருண்டை. காவலன் நடக்கும் வழியில் அதைப் போட்டுவிட்டு ஒளிந்துகொள்ள வேண்டும். நள்ளிரவில் தரையில் ஒரு சோற்றுருண்டை ஏன் கிடக்கிறது என்று அவன் ஒரு நொடிகூட யோசிப்பதில்லை, எடுத்துத் தின்றுவிடுகிறான். அந்த மாளிகையில் சம்பளம் ஒழுங்காகக் கொடுப்பதில்லை போலும்.

ஆட்டத்தின் உயிர் திரையின் அடிமூலையில் இருக்கும் ஒரு சிறு அளவுகோலில் இருக்கிறது. ‘கி’ என்று அதற்குப் பெயர். எதிரி அருகில் இருந்தால் அங்கே ஓர் எண் தோன்றும். நெருங்க நெருங்க எண் ஏறும். அவன் எந்தத் திசையில் இருக்கிறான் என்று அது சொல்லாது. ஏதோ சந்தேகம் தட்டிவிட்டால் கேள்விக்குறி வரும். பார்த்தேவிட்டால் ஆச்சரியக்குறி. அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும் செய்தி. மிச்சத்தைக் காதால் கேட்டும், சுவரோடு ஒட்டி நின்று மூலையில் எட்டிப் பார்த்தும், காவலன் எத்தனை அடி நடந்து திரும்புகிறான் என்று எண்ணியும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய ஆட்டங்களில் சுவருக்கு அப்பால் நிற்பவன்கூடச் சிவப்பு உருவமாகத் தெரிவான். வரைபடத்தின் மீது அம்புக்குறி ஓடும். வசதிதான், ஆனால் அங்கே பயம் கிடையாது. தெஞ்சூவில் ஓர் எண் 40-இலிருந்து 60-க்கு ஏறினாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த ஆட்டம் ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கிறது என்பதற்குக் கதையில் மட்டும் காரணம் தேடக்கூடாது. முதல் பிளேஸ்டேஷனின் முதன்மை நினைவகம் 2 மெகாபைட், படத்துக்கென்று தனியாக 1 மெகாபைட். கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே இன்று அதைவிடக் கனமானது. அந்த அளவுக்குள் ஒரு மாளிகை முழுவதையும் வரைந்து காட்ட முடியாது. பத்துப் பதினைந்து அடிக்கு அப்பால் உலகத்தைக் காணாமல் செய்ய வேண்டும். பல ஆட்டங்கள் அங்கே பனிமூட்டத்தைப் போட்டு மறைத்தன. தெஞ்சூ இரவைப் போட்டது. கருவியின் ஏழ்மையை ஆட்டத்தின் விதியாகவே மாற்றிக்கொண்டது. எனக்கு எதிரியைத் தெரியவில்லை, எதிரிக்கும் என்னைத் தெரியவில்லை. யார் முதலில் பார்க்கிறாரோ அவருக்கு வெற்றி. இல்லாத வீட்டில் சமைக்கத் தெரிந்த தாய்மார்களை நாம் புகழ்கிறோம் அல்லவா, அந்தப் புகழ்ச்சி இதற்கும் பொருந்தும்.

குறைகளும் உண்டு. கேமரா சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். வாள்சண்டை மட்டம், இரண்டு பேர் ஒன்றாகச் சூழ்ந்துகொண்டால் விரல்கள்தாம் வலிக்கும். ஆங்கிலக் குரல் நடிப்பைக் கேட்டால் நம் பள்ளிப் பரிசளிப்பு விழா நாடகங்கள் எவ்வளவோ பரவாயில்லை. ஆனால் சண்டை மட்டமாக இருப்பதே சண்டையைத் தவிர்க்க நல்ல காரணமாகிவிடுகிறது. பணி முடிந்ததும் மதிப்பெண் வரும். எத்தனை முறை கண்ணில் பட்டாய், எத்தனை பேரை அவர்கள் அறியாமலே வீழ்த்தினாய் என்று கணக்குப் பார்க்கப்படும். அப்பாவிகளைக் கொன்றால் மதிப்பெண் குறையும். ஒருமுறைகூடக் கண்ணில் படாமல் முடித்தவனுக்குத்தான் ‘கிராண்ட் மாஸ்டர்’ பட்டம் எட்டும். பாதிப் பணியில் பதிவு செய்துகொள்ள வழியில்லை. செத்தால் முதலிலிருந்து, கையோடு எடுத்துச் சென்ற பொருள்களும் போய்விடும்.

கொலைக்களக் காதை படித்தவர்களுக்கு ஓர் இடம் நினைவிருக்கும். கோவலனைப் பார்த்த காவலர்கள், இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். உடனே பொற்கொல்லன் கள்வர்கள் நம்பியிருக்கும் துணைகள் எட்டு என்று நூலறிவோடு விளக்கத் தொடங்குகிறான். மந்திரம், மருந்து என்று போகும் அந்தப் பட்டியலில் கடைசி மூன்று இடம், காலம், கருவி. தெஞ்சூவை முழுமையாக விளக்க அந்த மூன்று சொற்கள் போதும் என்று எனக்குத் தோன்றும். அதைவிட முக்கியமான ஒன்றும் அந்தக் காட்சியில் இருக்கிறது: களவின் இலக்கணத்தை அத்தனை சரளமாகப் பேசுகிறவன் யார், கள்வன் என்று பெயர் வாங்கிச் சாகிறவன் யார் என்பது. அதை இங்கே நான் இழுத்துப் பொருத்த விரும்பவில்லை. பெயர் சூட்டுகிறவன் வாய்க்கு எவ்வளவு பலம் என்பதை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு பெட்டிக்கு வருகிறேன்.

நான் ஆடும் பிளேஸ்டேஷன் என் மாமாவுடையது. 1999-இல் கிள்ளானில் வேறொருவரிடமிருந்து பழைய செட்டாக வாங்கினார். சிப் அப்போதே உள்ளே இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே அவர் தெஞ்சூவை முடித்துவிட்டார். அமெரிக்கத் தட்டின் வண்ண அமைப்பு வேறு, நம் நாட்டுத் தொலைக்காட்சியின் வண்ண அமைப்பு வேறு என்பதால், அவர் வீட்டுப் பழைய தொலைக்காட்சியில் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வந்ததாம். இரவில் நடக்கும் ஆட்டம்தானே என்று பல நாள் அவருக்குச் சந்தேகமே வரவில்லையாம். செட்டை என்னிடம் கொடுத்தபோது அவர் சொன்ன ஒரே அறிவுரை: “தட்டு சுத்தலன்னா செட்ட கவுத்துப் போட்டு ஆடு. பயப்படாத, ஓடும்லா.” லேசர் கண் நகரும் பிளாஸ்டிக் தண்டவாளம் தேய்ந்துபோவது அந்த முதல் வகைப் பெட்டிகளின் பரம்பரை வியாதி, கவிழ்த்துப் போட்டால் எடை மாறி, கண் மறுபடி சரியான இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். எந்தக் கையேட்டிலும் இல்லாத இந்த மருத்துவத்தை அந்தத் தலைமுறை முழுவதும் எப்படியோ தெரிந்துவைத்திருந்தது.

இப்போது பூட்டைப் பார்ப்போம். பிளேஸ்டேஷன் தட்டின் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்புதான் பாதுகாப்பு என்று பலர் நம்பினார்கள். உண்மையில் அது வெறும் நிறம். பூட்டு இருப்பது தட்டின் உள்விளிம்பில், படிக்கத் தொடங்கும் இடத்தில். அங்கே பள்ளக்கோடு நேராக ஓடாமல் மிக நுண்ணிய அளவில் இடமும் வலமும் நெளிகிறது. அந்த நெளிவில் நான்கெழுத்துச் சொல் ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. ஜப்பான் தட்டு என்றால் எஸ்-சி-இ-ஐ. அமெரிக்கத் தட்டு என்றால் கடைசி எழுத்து ஏ. ஐரோப்பியத் தட்டு என்றால் இ. வீட்டில் தட்டு எழுதும் கருவிகளால் தரவை எழுத முடியுமே தவிர, பள்ளக்கோட்டை நெளிய வைக்க முடியாது. பெட்டியை முடுக்கியதும் அது முதலில் இந்தச் சொல்லைத் தேடும். சொல் இல்லை என்றால் ஆட்டம் இல்லை. சொல் இருந்தும் கடைசி எழுத்து வேறாக இருந்தால், அப்போதும் ஆட்டம் இல்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் என் வழக்கு இருக்கிறது. தென்கிழக்காசியாவுக்கென்று விற்கப்பட்ட பெட்டிகள் வட்டாரக் குறியில் ஜப்பானோடு சேர்க்கப்பட்டிருந்தன. ஆகவே, கிள்ளானிலோ ஈப்போவிலோ ஒருவர் நேர்மையாகப் பெட்டியை வாங்கி, அமெரிக்காவிலிருந்து முழு விலை கொடுத்து ஆங்கிலத் தெஞ்சூவின் அசல் தட்டை வரவழைத்திருந்தாலும், பெட்டி அதை ஏற்காது. அவருக்கு இரண்டு வழிதான்: ஜப்பானிய மொழி கற்றுக்கொள்வது, அல்லது சிப் வைப்பது. என்னிடம் இருப்பது அப்படிப்பட்ட அசல் தட்டு. பழைய பொருள் விற்பவரிடம் வாங்கியது, கையேட்டோடு. மாமா வைத்திருந்த கள்ளப்படியைவிட அது பல மடங்கு விலை. சிப் இல்லாத பெட்டியில் இரண்டுக்கும் ஒரே மரியாதைதான். இரண்டையும் வாசலிலேயே நிறுத்திவிடும்.

சிப் செய்யும் வேலை மிகச் சிறியது. பெரும்பாலான சிப்புகள் எட்டுக் கால்கள் கொண்ட ஒரு சாதாரண நுண்கட்டுப்படுத்திதான். நம் ஆய்வுக்கூடத்தில் விளக்கை அணைத்து எரியவைக்கப் பயன்படுத்தும் அதே குடும்பம். சில மெல்லிய கம்பிகளால் பலகையோடு ஈயம் வைத்து ஒட்டுவார்கள். பெட்டி சொல்லைத் தேடும் தருணத்தில், தட்டிலிருந்து வருவதுபோல் அந்த நான்கெழுத்தைச் சிப் முணுமுணுக்கும். காவலன் சமாதானமாகிக் கதவைத் திறப்பான்.

முதல் சிப்புகளுக்கு வாய் ஓயாது. பெட்டி ஓடும் நேரமெல்லாம் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே இருந்தன. 1999 வாக்கில் சில ஆட்டங்கள் இதைப் பிடித்துக்கொண்டன. சொல் இருக்கவே கூடாத இடத்தில் தேடிப் பார்ப்பது. அங்கேயும் சொல் கேட்டால், பெட்டிக்குள் எவனோ ஒளிந்திருக்கிறான் என்று ஆட்டத்தை நிறுத்திவிடுவது. இதற்குப் பதிலாக வந்த அடுத்த தலைமுறைச் சிப், தொடக்கத்தில் மட்டும் சொல்லைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. அதற்குச் சந்தையில் வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘ஸ்டெல்த்’ சிப். பதுங்கும் ஆட்டத்தைப் பதுங்கும் சிப் வழியாக ஆடியிருக்கிறார்கள். இதை நான் முதலில் அறிந்தபோது வகுப்பில் தனியாகச் சிரித்து விரிவுரையாளரின் முறைப்பைச் சம்பாதித்தேன்.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் இருக்கிறது. பெரும்பாலோர் சிப் வைத்தது அமெரிக்க அசல் தட்டை ஆடுவதற்காக அல்ல. பாசார் மாலாமில் 5 ரிங்கிட்டுக்கும் 10 ரிங்கிட்டுக்கும் கிடைத்த தட்டுகளுக்காக. இது மாமாவே ஒப்புக்கொள்ளும் உண்மை. மாதச் சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதில் அசல் தட்டு வாங்க முடியாது என்பார். முடியாது என்பது காரணம்தான், நியாயம் ஆகாது. ஆட்டத்தை உருவாக்கியவர்கள் கையில் அந்த 5 ரிங்கிட்டில் ஒரு காசும் போய்ச் சேரவில்லை. ஏழைகளுக்கு உதவினோம் என்று தட்டு விற்றவர்கள் சொன்னால் அதைக் கேட்டு உருக நான் தயாராக இல்லை. அவர்கள் செய்தது நல்ல வியாபாரம். நம் நாடு 2000-ஆம் ஆண்டில் தனியாக ஒரு காந்தத்தட்டு... மன்னிக்கவும், ஒளித்தட்டுச் சட்டம் கொண்டுவந்து தட்டு அச்சடிக்கும் ஆலைகளுக்கு உரிமம் கட்டாயம் என்று ஆக்கியது சரியான இடத்தில் வைத்த கை. அச்சடிப்பவனைப் பிடி, அதுதான் முறை.

ஆனால் 2012-இல் நமது 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 36ஏ பிரிவு வேறொரு திசையில் போகிறது. உரிமையாளர் வைத்திருக்கும் தொழில்நுட்பப் பாதுகாப்பை மீறுவதையே அது தடை செய்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு. கடையில் புதிதாகக் கிடைக்காத பழைய ஆட்டம், வேறு வட்டாரத்தில் வாங்கிய அசல் தட்டு என்ற பேச்சு மட்டும் அங்கே இல்லை.

இருக்க முடியாதா என்றால், இருக்க முடியும். ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். சிட்னியில் பிளேஸ்டேஷனுக்குச் சிப் விற்ற ஸ்டீவன்ஸ் என்பவர் மீது சோனி வழக்குத் தொடுத்தது. வழக்கு படிப்படியாக ஏறி, 2005 அக்டோபரில் அந்நாட்டின் தலைமை நீதிமன்றமான ஹை கோர்ட்டில் அவருக்குச் சாதகமாக முடிந்தது. நீதிபதிகள் கேட்ட கேள்வி எளிமையானது: இந்தப் பூட்டு படியெடுப்பதைத் தடுக்கிறதா? இல்லை. யார் வேண்டுமானாலும் தட்டைப் படியெடுக்கலாம்; எடுத்த படியை ஆடத்தான் முடியாது. அப்படியானால் பதிப்புரிமையைக் காக்கும் பூட்டு என்று அன்றைய சட்டம் குறிப்பிட்டது இதுவன்று. அமெரிக்காவோடு செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்தின் பேரில் 2006-இல் ஆஸ்திரேலியா சட்டத்தை இறுக்கிவிட்டது. அதனால் சிப் விற்பவர்களின் கொண்டாட்டம் நீடிக்கவில்லை. எனினும், இறுக்கிய சட்டத்திலும் ஒரு வாசலைத் திறந்தே வைத்தார்கள். வெளிநாட்டில் வாங்கிய அசல் திரைப்படத் தட்டையோ அசல் கணினி விளையாட்டையோ உள்நாட்டில் ஓடவிடாமல் சந்தையைப் பங்குபோடுவதற்காக மட்டும் வைக்கப்பட்ட தடை, சட்டம் காக்கும் பூட்டாகக் கருதப்படாது என்று எழுதிவைத்தார்கள். சட்ட மாணவ நண்பரிடம் நான் காட்டியது இதைத்தான். கள்ளத்தட்டையும் திறந்த பெட்டியையும் ஒரு சட்டத்தால் பிரித்துப் பார்க்க முடியும். பிரித்துப் பார்த்த நாடு ஒன்று இருக்கிறது. அவர் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ‘அது அவர்கள் சட்டம்’ என்கிறார். நம் சட்டமும் மனிதர்கள் எழுதியதுதானே?

இந்தப் பழைய ஆட்டத்துக்கு இத்தனை வாதமா என்று கேட்பீர்கள். தெஞ்சூவுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொன்னால் காரணம் விளங்கும். அதன் உரிமை 2004-இல் ஆக்டிவிஷனிடமிருந்து ஃப்ரம் சாஃப்ட்வேர் என்ற ஜப்பானிய நிறுவனத்துக்குக் கைமாறியது. வரிசையில் இன்னும் சில ஆட்டங்கள் வந்தன. 2008-க்குப் பிறகு பேச்சு அடங்கிவிட்டது. பிறகு 2019-இல் அதே நிறுவனம் ‘செக்கிரோ’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. கொக்கிக் கயிறு, கூரைத் தாவல், பின்னாலிருந்து ஒரே வெட்டு எல்லாம் அதில் இருந்தன. அது தெஞ்சூவின் தொடர்ச்சியாகத்தான் முதலில் சிந்திக்கப்பட்டது என்று உருவாக்கியவர்களே சொன்னார்கள். அந்த ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற விருதும் வாங்கியது. செக்கிரோ ஆடிய என் நண்பர்களில் ஒருவருக்கும் தெஞ்சூ என்ற பெயரே தெரியவில்லை. அவர்கள்மேல் தவறில்லை. மெட்டல் கியர் சாலிட்டைப் புதுப்பெட்டிக்கும் கணினிக்கும் மறுபடி மறுபடி கொண்டுவந்தார்கள். 2023-இல்கூட ஒரு தொகுப்பு வந்தது. எது திரும்பி வரும், எது பரணில் கிடக்கும் என்பதை உரிமை வைத்திருப்பவர் தீர்மானிக்கிறார். ஆடியவர்களுக்கு அதில் குரல் இல்லை.

இது தெஞ்சூ ஒன்றின் கதை அன்று. அமெரிக்காவில் வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த ஆட்டங்களில் 87 விழுக்காடு இப்போது விற்பனையில் இல்லை. அவற்றை நூலகங்கள் ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து பார்க்கக் கொடுக்கலாமா என்று கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் முடியாது என்று சொல்லிவிட்டது. பொழுதுபோக்குக்காக ஆடிவிடுவார்கள் என்பது எதிர்த்தவர்களின் அச்சங்களில் ஒன்று! நூலகத்தில் நாவலை இன்பத்துக்காகப் படித்துவிடுவார்களே என்று யாரும் இதுவரை கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

நம் நாட்டில் அச்சு நூல் என்றால் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 படிகளைத் தேசிய நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். யாரும் படிக்காத நூலுக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. அது நல்ல ஏற்பாடு. நம் அண்ணன்மார், மாமன்மார் காலத்துப் பிள்ளைகள் இரவு இரவாக விழித்து ஆடிய ஆட்டங்களுக்கு அப்படியோர் அலமாரி எங்கேயும் கிடையாது. அவை மிஞ்சியிருப்பது கட்டிலுக்கு அடியில், பிஸ்கட் டின்களில், சிப் வைத்த பெட்டிகளில். மாமா தலைமுறையின் விளையாட்டு அனுபவத்தை நாளை யாராவது ஆராய வேண்டுமென்றால் அந்தத் ‘திருட்டு செட்’டுகளைத்தான் தேடிப் போக வேண்டும். தோட்டத்திலிருந்து தாமானுக்கு வீடு மாறும்போது அவற்றைத்தான் நாம் முதலில் குப்பையில் எறிகிறோம்.

கணினியில் எமுலேட்டர் போட்டு ஆடினால் போதாதா என்று ஒரு தோழி கேட்டார். போதும்தான், பல நேரங்களில் அது நல்லதும்கூட. படம் துல்லியம், எங்கு வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். பிரச்சினை அங்கேதான். எங்கு வேண்டுமானாலும் பதிவு செய்ய முடிந்தால் தெஞ்சூவில் காத்திருப்பதற்குப் பொருளே இல்லை. காவலன் திரும்பும்வரை கூரையில் 2 நிமிடம் அசையாமல் கிடக்க எனக்குப் பொறுமை வந்தது, விழுந்தால் எல்லாம் போகும் என்ற பயத்தால். தவிர, எமுலேட்டருக்குத் தட்டின் படி வேண்டும். அந்தப் படியை எடுப்பதைப் பற்றியும் சட்டம் முகம் சுளிக்கத்தான் செய்கிறது. பூட்டு வேறு இடத்துக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

இப்போது சிப் வைக்கக் கம்பிகூடத் தேவையில்லை. 2021-இல் ஆர்வலர்கள் சிலர் நினைவட்டை வழியாகவே முதல் பிளேஸ்டேஷனைத் திறக்கும் வழியைக் கண்டுபிடித்து இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். தட்டு சுழலும் பகுதியையே எடுத்துவிட்டு எஸ்டி அட்டை பொருத்தும் பலகையும் விற்பனைக்கு வந்திருக்கிறது. மாமாவிடம் அதைக் காட்டினேன். சிறிது நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தட்டு சத்தம் கேக்காம எப்படிடா ஆடுறது?” என்றார். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. லேசர் கண் நகரும் ஓசையை வைத்தே அடுத்து என்ன வரப்போகிறது என்று கண்டுபிடிப்பவர் அவர்.

எங்கள் பெட்டியின் கண் இப்போது கவிழ்த்துப் போட்டாலும் திணறுகிறது. மாற்றுக் கண் ஒன்றுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். தேர்வு விடுமுறையில் கிள்ளானுக்குப் போய் இருவரும் சேர்ந்து அதைப் பொருத்துவதாக ஏற்பாடு. எட்டாம் பணியில் இன்னும் எனக்குக் கிராண்ட் மாஸ்டர் கிடைக்கவில்லை.